கைடைக் கண்டால் ஒளிகிறேன், என்ன செய்வது?

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் முனைவர் பட்ட ஆய்வு மாணவர்களுடையவை. நெறியாளராக, அதாவது கைடாக, பல வருடம் இருந்தவள் நான். இந்தப் பிள்ளைகளின் கவலை எனக்கு நன்றாகத் தெரியும். அதனால் முழுப் பக்கமும் அவர்களுக்கே.

மூன்றாம் வருடத்தில் இருக்கிறேன். இரண்டு மாதமாக ஒரு வரிகூட எழுதவில்லை. கைடு லிஃப்டில் வந்தால் நான் படிக்கட்டில் இறங்குகிறேன். அவர் படிக்கட்டில் வந்தால் நான் லிஃப்டில். எத்தனை நாள் இப்படி ஓடுவது?
— மறைந்து திரியும் மாணவன்

தம்பி, உங்கள் கைடு உங்களைத் துரத்திக்கொண்டு வரவில்லை. அவருக்கு வகுப்பு இருக்கிறது, விடைத்தாள் இருக்கிறது, கமிட்டி இருக்கிறது, இன்னும் நாலு மாணவர்கள் இருக்கிறார்கள். நீங்கள் கண்ணில் படவில்லை என்பதே அவருக்கு இன்னும் உறைத்திருக்காது. ஒரு ஆள் மட்டும் ஓடும் ஓட்டப்பந்தயம் இது.

ஆய்வைப் பாதியில் விட்டவர்கள் பலரைப் பார்த்திருக்கிறேன். அறிவு போதாமல் விட்டவர்கள் அபூர்வம். ஒளிந்து ஒளிந்தே விட்டுப்போனவர்கள்தான் அதிகம். ஒரு வாரம் போகாவிட்டால் அடுத்த வாரம் போகக் கூச்சமாக இருக்கும். மாதம் ஒன்று ஆகிவிட்டால், "இவ்வளவு நாள் கழித்துப் போகிறோம், பெரிதாக எதையாவது கொண்டுபோக வேண்டும்" என்று தோன்றும். அந்தப் பெரிது தயாராகவே ஆகாது.

இன்றைக்கே இப்படி ஒரு மெயில் அனுப்புங்கள்: "வணக்கம் மேடம். இரண்டு மாதமாக உங்களைச் சந்திக்கவில்லை. இரண்டாம் இயலில், தரவை எப்படி வகைப்படுத்துவது என்ற இடத்தில் சிக்கி நிற்கிறேன். இதுவரை செய்ததை ஒரு பக்கத்தில் எழுதி இணைத்திருக்கிறேன். வியாழக்கிழமை இருபது நிமிடம் தர முடியுமா?"

இவ்வளவுதான். உடம்பு சரியில்லை, வீட்டில் பிரச்சினை, மன்னித்துவிடுங்கள், இனிமேல் இப்படி நடக்காது என்று இரண்டு பக்கம் எழுத வேண்டாம். மன்னிப்புக் கடிதத்துக்கு ஆறுதல்தான் பதிலாக வரும். கேள்வி கேட்டால்தான் வழி கிடைக்கும். இருபது நிமிடம் என்று அளவு சொல்லிக் கேட்பதும் முக்கியம். எந்தக் கைடுக்கும் இருபது நிமிடம் கிடைக்கும், "எப்போதாவது பேச வேண்டும்" என்றால் நேரமே கிடைக்காது.

சந்திப்பு முடிந்த அன்று மாலையே மூன்று வரி எழுதி அனுப்புங்கள். என்ன பேசினோம், நான் என்ன செய்யப் போகிறேன், நீங்கள் என்ன செய்வதாகச் சொன்னீர்கள். மூன்றாவது வரியை விட்டுவிடாதீர்கள். கைடுகளுக்கும் மறதி உண்டு. "நான் அப்படிச் சொல்லவே இல்லையே" என்ற வாக்குவாதம் ஆறு மாதம் கழித்து வராமல் இருக்க அந்த வரிதான் காப்பு.

எங்கள் லேபில் எல்லோரும் என்னைவிடக் கெட்டிக்காரர்கள். எனக்கு இடம் கிடைத்ததே ஏதோ தவறுதலாகத்தான் என்று தோன்றுகிறது. எப்போது கண்டுபிடித்து வெளியே அனுப்புவார்களோ என்று பயம்.
— முதல் வருட மாணவி

இந்தப் பயத்துக்கு "இம்போஸ்டர் சிண்ட்ரோம்" என்று பெயரே வைத்தாயிற்று, மகளே. பாலின் கிளான்ஸ், சுசான் ஐம்ஸ் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1978-லேயே இதைப் பற்றி எழுதினார்கள். நன்றாகச் சாதித்த பெண்களே "நான் இதற்குத் தகுதியானவள் இல்லை, எல்லோரையும் ஏமாற்றிக்கொண்டிருக்கிறேன்" என்று நினைப்பதை அவர்கள் கவனித்தார்கள். உங்கள் லேபில் கெட்டிக்காரராகத் தெரிகிற அந்த அண்ணனும் உங்களைப் பார்த்து இதையே நினைத்துக்கொண்டிருக்கலாம்.

வானியலாளர் ஜோசலின் பெல் பர்னெல் கதையை என் மாணவிகள் எல்லோருக்கும் சொல்வேன். கேம்பிரிட்ஜில் ஆய்வு மாணவியாகச் சேர்ந்தபோது, தன்னைத் தவறுதலாகச் சேர்த்துக்கொண்டார்கள், சீக்கிரம் அனுப்பிவிடுவார்கள் என்றுதான் அவரும் நினைத்தார். அனுப்பும் நாள் வரை குறை வைக்காமல் உழைத்துவிடுவோம் என்று முடிவு செய்தார். ரேடியோ தொலைநோக்கி ஒவ்வொரு நாளும் ஏறத்தாழ 30 மீட்டர் நீளத்துக்குக் காகிதத்தில் கோடு கிறுக்கித் தள்ளும். அத்தனையையும் கண்ணால் பார்த்துப் படிக்க வேண்டும். 1967-ல் அந்தக் கோடுகளுக்கு நடுவே, எதிலும் சேராத ஒரு சின்னக் கிறுக்கல் அவர் கண்ணில் பட்டது. ஒன்றேகால் விநாடிக்குச் சற்றுக் கூடுதலான இடைவெளியில், தவறாமல் துடிக்கும் ஒரு சிக்னல். பல்சர் என்னும் துடிக்கும் விண்மீன்களில் முதலில் கண்டுபிடிக்கப்பட்டது அதுதான்.

1974-ல் அதற்கான நோபல் பரிசு அவருடைய நெறியாளருக்குப் போனது, அவருக்கு வரவில்லை. அது எனக்கு இன்றும் ஆறவில்லை. 2018-ல் 30 லட்சம் டாலர் பரிசு வந்தபோது, அந்தப் பணத்தை அப்படியே இயற்பியல் ஆய்வு மாணவர்களின் உதவித்தொகைக்குக் கொடுத்துவிட்டார்.

பயந்துகொண்டே உழையுங்கள் என்று சொல்ல இதை எழுதவில்லை. நாம் பிடித்துக்கொள்ள வேண்டியது வேறு. அந்தக் கிறுக்கல் வெறும் இடைஞ்சலாகக்கூட இருந்திருக்கலாம். அவருடைய நெறியாளரும் முதலில் அப்படித்தான் நினைத்தார். "முட்டாள்தனமாக இருக்குமோ" என்று ஜோசலின் அதை மூடி வைக்காமல் நேரே கொண்டுபோய்க் காட்டினார், பாருங்கள். உங்கள் தரவிலும் புரியாத ஒன்று இருக்கும். நாளைக்கே கொண்டுபோய்க் காட்டுங்கள்.

நானூறு கட்டுரைகள் டவுன்லோட் செய்து வைத்திருக்கிறேன். ஒன்றைப் படிக்க ஒரு நாள் ஆகிறது.
— பிடிஎஃப் சேகரிப்பாளர்

எல்லாவற்றையும் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படிக்கச் சொன்னது யார்? தலைப்பு, சுருக்கம், படங்கள், முடிவுரை. பத்து நிமிடம் போதும். உங்கள் ஆய்வுக்கு நேரடியாக வேண்டியது என்று தெரிந்தால் மட்டும் உட்கார்ந்து படியுங்கள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு வாக்கியம் எழுதி வையுங்கள்: இது என்ன சொல்கிறது, எனக்கு எதற்கு வேண்டும். இரண்டாவது வாக்கியம் வரவில்லையென்றால் அந்தக் கட்டுரைக்கு விடை கொடுங்கள். ஜோட்டீரோ போன்ற இலவச மென்பொருளில் இதையெல்லாம் சேர்த்து வைத்தால் கடைசியில் மேற்கோள் பட்டியல் தானாகவே வந்துவிடும்.

எந்த வீட்டு விசேஷத்துக்குப் போனாலும் "இன்னுமா முடியவில்லை?" என்கிறார்கள்.
— ஐந்தாம் வருட மாணவர்

"மூன்றாம் இயல் எழுதுகிறேன்" என்று சொல்லுங்கள். "அதில் என்ன?" என்று கேட்டால் பக்கத்தில் உட்காரவைத்து, ஒன்றுவிடாமல் விளக்குங்கள். ஒன்று, கேள்வி அத்தோடு நிற்கும். இல்லையென்றால் வைவா என்ற வாய்மொழித் தேர்வுக்கு நல்ல பயிற்சி.

ஜர்னலுக்கு அனுப்பிய என் கட்டுரையை மதிப்பிட்ட ஒரு ரிவ்யூவர் பாராட்டியிருக்கிறார். இரண்டாமவர் கட்டுரையைக் கிழித்துப் போட்டுவிட்டார். ஜர்னல் நிராகரித்துவிட்டது.
— நொந்துபோனவள்

ஒருமுறை படித்துவிட்டு இரண்டு நாள் மூடி வையுங்கள். அப்புறம் ஒரு அட்டவணை போடுங்கள்: அவர் சொன்னது, நான் செய்தது, எந்தப் பக்கம். திட்டு எல்லாம் முதல் பத்தியோடு போய்விடும், வேலை மட்டும் மிஞ்சும். "அவருக்குப் புரியவில்லை" என்று கோபம் வருகிற இடத்தில் உங்கள் வாக்கியத்தைத் திருத்துங்கள். அவர் சொன்னது உண்மையிலேயே தவறென்றால், ஆதாரத்தோடு, மரியாதையாக அதையும் எழுதலாம்.

1964-ல் இயற்பியலாளர் பீட்டர் ஹிக்ஸ் எழுதிய ஒரு கட்டுரையை ஒரு ஜர்னல் திருப்பி அனுப்பியது. அவர் இன்னும் கொஞ்சம் சேர்த்து எழுதி வேறு ஜர்னலுக்கு அனுப்பினார். பிற்பாடு அவர் பெயராலேயே அழைக்கப்பட்ட துகளைப் பற்றிய குறிப்பு அந்தச் சேர்க்கையில்தான் இருந்தது. 2013-ல் நோபல் பரிசு. நிராகரிப்பு வந்த கட்டுரையைத் திருத்தி, இந்த மாதத்துக்குள் அடுத்த ஜர்னலுக்கு அனுப்பிவிடுங்கள்.

ஃபைல்களை எப்படிப் பத்திரப்படுத்துவது?
— "ஃபைனல்", "புது ஃபைனல்", "இதுதான் ஃபைனல்" என மூன்று ஃபைல் வைத்திருப்பவர்

ஃபைல் பெயரின் முன்னால் வருடம், மாதம், தேதி என்ற வரிசையில் எண்களைப் போடுங்கள். தானாகவே வரிசையாக நிற்கும். மூன்று பிரதி, இரண்டு வகைச் சேமிப்பு, அதில் ஒன்று வேறு இடத்தில். லேப்டாப்பும் ஹார்டு டிஸ்க்கும் ஒரே பையில் இருந்தால், பை தொலையும்போது இரண்டும் சேர்ந்தே போகும்.

விட்டுவிடலாமா அம்மா? தூக்கமே இல்லை.
— பெயர் வேண்டாம்

விடலாம். விடுவது குற்றம் இல்லை. வெளியே போய் நிம்மதியாக வாழ்கிறவர்களை எனக்குத் தெரியும். ஆனால் தூங்காத வாரத்தில் இந்த முடிவை எடுக்காதீர்கள். முதலில் ஒரு மருத்துவரையோ, பல்கலைக்கழகத்தில் கவுன்சலர் இருந்தால் அவரையோ பாருங்கள். உங்களுக்குப் பிடித்த ஒருவரிடம் இன்றே போனில் பேசுங்கள், "நன்றாக இருக்கிறேன்" என்று மட்டும் சொல்லாமல்.

அப்புறம் யோசியுங்கள், சலித்தது ஆய்வா, இடமா, ஆளா? கைடு அவமானப்படுத்துகிறார், சொந்த வேலை வாங்குகிறார் என்றால், நடந்ததைத் தேதியோடு எழுதி வைத்துக்கொண்டு ஆய்வுக் குழுவில் உள்ள வேறு ஒருவரிடம் பேசுங்கள். கைடை மாற்றிக்கொண்டு நல்லபடியாக முடித்தவர்கள் உண்டு. ஆய்வே வேண்டாம் என்று மனதுக்குத் தெளிவாகத் தெரிந்தால் தாராளமாக வெளியே வாருங்கள். அதற்கு முன்னால் விதிமுறைப் புத்தகத்தில் இடைவிடுப்பு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் முதலில் அதற்கு விண்ணப்பியுங்கள். பதிவை ரத்துசெய்யும் கடிதத்தை விடுப்பு முடிந்த பிறகுகூட எழுதலாம்.