ஒளிப்படக் கலைக்குள் நான் வந்தது டச்சிங் மேசை வழியாக

ஒளிப்படக் கலைஞராக எப்படி ஆனீர்கள், பயிற்சி எங்கே பெற்றீர்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். முறையான பயிற்சி எதுவும் எனக்கு இல்லை. 1980களின் தொடக்கத்தில், பத்தாம் வகுப்பு முடித்த கையோடு, கும்பகோணத்தில் ஒரு ஸ்டுடியோவில் எடுபிடியாகச் சேர்ந்தேன். கேமராவைத் தொட அனுமதி கிடைப்பதற்கு வெகு முன்பே இருட்டறையும், நெகட்டிவ்வில் முகத்தைக் கையால் திருத்தும் டச்சிங் மேசையும் பழகிவிட்டன. வெளிச்சத்தைப் பற்றி எனக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி அங்கே கற்றதுதான்.

ஃபிலிமில் படத்தை வெளிக்கொணரும் கரைசலான டெவலப்பர் 20 டிகிரி செல்சியஸில் இருக்க வேண்டும். சித்திரை வெயிலில் குழாய்த் தண்ணீரே அதைவிடச் சூடாக வரும் என்பதால், தட்டைச் சுற்றி ஐஸ் கட்டிகளை நிரப்புவது என் வேலை. இல்லையேல் ஃபிலிமின் ஜெலட்டின் பூச்சு இளகி ஓரத்தில் உரிந்துவிடும். பிரின்ட்டைச் சரியாக அலசாவிட்டால், படத்தை நிலைநிறுத்தப் போடும் ஹைப்போ ரசாயனம் அதில் தங்கிப்போய், சில ஆண்டுகளில் படத்தை மஞ்சளாக்கிவிடும். இவையெல்லாம் சில வாரங்களில் கைவந்துவிடும். டச்சிங் அப்படியல்ல.

பின்னாலிருந்து வெளிச்சம் விழும் சாய்வு மேசையில் நெகட்டிவ்வை வைத்து, ஊசிபோல் சீவிய பென்சிலால் கண்ணுக்குக் கீழுள்ள கருமையை நிரப்ப வேண்டும். பென்சில் படிந்த இடம் பிரின்ட்டில் வெளுக்கும் என்பதால், பென்சில் நிழலைக் குறைக்க மட்டுமே. வெளிச்சத்தைக் குறைக்கக் கத்தி முனையால் பூச்சைச் சுரண்ட வேண்டும், கை சற்று அழுந்தினாலும் படம் போயிற்று. எல்லாச் சுருக்கங்களையும் அழித்தால் ஆளே மாறிவிடுவார். எந்த நிழல் அந்த முகத்துக்கே உரியது, எது விளக்கை உயரத்தில் வைத்ததால் வந்தது என்பதைப் பிரித்தறிய எனக்கு நெடுநாள் பிடித்தது. விளக்கை ஒரு சாண் இறக்கியிருந்தால் இந்த வேலையே மிஞ்சியிருக்காதே என்ற எரிச்சல்தான், சொன்னால் சிரிப்பீர்கள், என்னைக் கேமராவின் பக்கம் தள்ளியது.

பிறகு கைக்கு வந்தது யாஷிகா இரட்டை லென்ஸ் கேமரா. குனிந்து பார்க்கும் அதன் கண்ணாடியில் காட்சி இடம் வலமாகத் தெரியும். 120 ஃபிலிம் சுருளில் 12 படங்கள்தான். உதகமண்டலத்தில் மத்திய அரசு நடத்திய ஆலையின் ‘இந்து’ ஃபிலிமைத்தான் அதிகம் போட்டோம். தாலி கட்டும்போது ஃபிளாஷ் மறுபடி ஏறச் சில நொடிகள் ஆகும் என்பதால், அந்த ஒரு படத்துக்கான இடத்தையும் விளக்கையும் முன்கூட்டியே முடிவு செய்துவிட வேண்டும்.

வண்ண ஃபிலிம், கடையிலேயே படம் கழுவி அச்சிடும் மினிலேப் இயந்திரம், டிஜிட்டல் என்று அடுத்தடுத்து வந்தவற்றுக்குப் பழகுவது பெரிய பாடாக இருக்கவில்லை. ஃபோட்டோஷாப்பில் ஓர் இடத்தை வெளுக்கவும் கறுக்கவும் உள்ள இரு கருவிகளின் அடையாளப் படங்கள், குச்சியில் ஒட்டிய வட்ட அட்டையும் குவித்த கையும்; நெகட்டிவ்வைப் பெரிதாக்கித் தாளில் விழவைக்கும் என்லார்ஜருக்கு அடியில், வெளிச்சத்தை மறைக்க நாங்கள் நீட்டியவையும் அவையே.

என்னிடம் தொழில் பழக வருகிறவர்களுக்கு உடனே கேமரா தருவதில்லை. ஒருவரைச் சன்னலோரம் உட்காரவைத்து, நாற்காலியை அடி அடியாகப் பின்னுக்கு நகர்த்தி, மூக்கின் நிழல் எங்கே விழுகிறது, கண்ணிலுள்ள ஒளிப்புள்ளி எப்போது மறைகிறது என்று பார்க்கச் சொல்வேன். பாதிப் பேர் மறுவாரம் வருவதில்லை.