டீசல் கார் இழப்பீடு: பணம் கட்டிச் சேரலாமா?

கேள்வி (மார்த்தாண்டம் வாசகர்): 2013 மாடல் வென்டோ டீசல் வைத்திருக்கிறேன். 2019 கடைசியில் திருவனந்தபுரத்தில் பழைய வண்டியாக வாங்கி, டிஎன் 75 (மார்த்தாண்டம்) பதிவுக்கு மாற்றினேன். புகை மோசடிக்காக ஃபோக்ஸ்வாகனுக்கு 500 கோடி ரூபாய் அபராதம் விழுந்ததாம். 3,000 ரூபாய் கட்டினால் கூட்டு வழக்கில் சேர்த்து அதில் பங்கு வாங்கித் தருவதாக ஒருவர் வாட்ஸ்அப்பில் சொல்கிறார். சேரலாமா?

பதில்: வேண்டாம். அந்த 500 கோடிக்கும் கார் வைத்திருப்பவருக்கும் சம்பந்தமே இல்லை. அது சுற்றுச்சூழல் சேதத்துக்காகத் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2019 மார்ச்சில் விதித்த தொகை. அதற்காக நிறுவனத்தின் மீது கட்டாய நடவடிக்கை எதுவும் கூடாது என்று அதே ஆண்டு மே மாதம் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

உங்கள் வண்டி சர்ச்சைக்குரிய இஏ 189 இன்ஜின் வகையைச் சேர்ந்ததுதான். 2015 செப்டம்பரில் அமெரிக்காவில் பிடிபட்ட விஷயம் இது. ஸ்டீயரிங் திரும்பாமல் சக்கரம் மட்டும் சுற்றுவது போன்ற அறிகுறிகளை வைத்து, இது பரிசோதனைதான் என்று இன்ஜின் கணினி கண்டுகொள்ளும். அப்போது மட்டும் நைட்ரஜன் ஆக்சைடு என்னும் மாசு வாயுவை அடக்கி வைக்கும். சாலைக்கு வந்தால் பிடியைத் தளர்த்திவிடும். வாகனங்களைச் சோதிக்கும் ஆராய் (ARAI) அமைப்பு இங்கே சாலையில் ஓட்டிப் பார்த்தபோது, அன்றைய மாசு விதியான பாரத் ஸ்டேஜ் 4 வரம்பைவிட அதிகமாகப் புகைமாசு வந்தது. 2015 டிசம்பரில் ஃபோக்ஸ்வாகன், ஸ்கோடா, ஆடி மூன்றுமாக 3,23,700 கார்களை மென்பொருள் திருத்தத்துக்கு அழைத்தார்கள். ஆனாலும், சாலைச் சோதனை அன்றைய விதியில் இல்லை, நாங்கள் விதியை மீறவில்லை என்பதே நிறுவனத்தின் வாதம்.

சட்டத்தில் உங்களுக்கு முதல் முட்டுக்கட்டை காலவரம்பு. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, பிரிவு 69-இன்படி வழக்குக்கான காரணம் எழுந்து 2 ஆண்டுக்குள் புகார் தர வேண்டும். தாமதத்தை மன்னிக்க நுகர்வோர் ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு; ஆனால் ஊரெல்லாம் செய்தி தெரிந்த பிறகு வண்டி வாங்கியவர் என்ன காரணம் சொல்வார்? குறையுள்ள பொருளால் வந்த தீங்குக்கு இழப்பீடு கேட்கும் பொருள் பொறுப்புப் பிரிவில் போகலாம் என்றால், அந்தப் பொருளுக்கே ஏற்பட்ட கேடும் பண நஷ்டமும் 'தீங்கு' என்ற வரையறைக்குள் வராது. அடுத்தது ஆதாரம். டீசல் வண்டியின் புகைச் சான்றிதழ் புகையின் அடர்த்தியை மட்டும்தான் அளக்கிறது. நைட்ரஜன் ஆக்சைடைத் தொடுவதே இல்லை. ஆகவே அந்தச் சான்றிதழில் பாஸானாலும் ஃபெயிலானாலும் இந்த வழக்குக்கு உதவாது. ஆய்வகத்துக்கு அனுப்பக் கேட்டால் கட்டணத்தை முதலில் நீங்கள்தான் கட்ட வேண்டும்.

பலர் சேர்ந்து புகார் தர பிரிவு 35(1)(சி) வழி விடுகிறது. அதற்கு ஆணையத்தின் அனுமதி வேண்டும். வாட்ஸ்அப்காரரிடம் வழக்கு எண்ணும் அனுமதி உத்தரவின் நகலும் கேளுங்கள். எண் கொடுத்தால் நுகர்வோர் வழக்குகளுக்கான இ-ஜாக்ரிதி தளத்தில் தேடிப் பாருங்கள். பெரும்பாலும் அதோடு பேச்சு நின்றுவிடும்.

3,000 ரூபாயை மிச்சம் பிடித்து, ஆர்.சி.யில் இருக்கும் சேஸிஸ் எண்ணைக் கம்பெனி சர்வீஸ் சென்டரில் கொடுத்து, அந்த மென்பொருள் திருத்தம் ஏற்கெனவே செய்யப்பட்டதா என்று கேளுங்கள்.

கேள்வி (குளச்சல் வாசகி): மகள் இங்கிலாந்தில் லீட்ஸ் நகரில் நர்ஸ். 2017-இல் பழைய நிஸான் டீசல் கார் வாங்கி 2022-இல் விற்றுவிட்டாள். இழப்பீட்டு வழக்கில் சேரச் சொல்லி ஒரு வக்கீல் நிறுவனம் மெயில் அனுப்பியிருக்கிறது. இதுவும் ஏமாற்றா?

பதில்: வழக்கு நிஜம். மெர்சிடிஸ், ஃபோர்டு, நிஸான், ரெனோ, பெஜோ-சிட்ரோயன் நிறுவனங்களுக்கு எதிரான டீசல் புகை மோசடி விசாரணை 2025 அக்டோபரில் லண்டன் உயர் நீதிமன்றத்தில் தொடங்கியது. நிறுவனங்கள் குற்றச்சாட்டை மறுக்கின்றன. பழைய வண்டியாக வாங்கியவர்களும், வாங்கி விற்றுவிட்டவர்களும்கூட இதில் சேர்ந்திருக்கிறார்கள். மகளின் மாடலும் தயாரிப்பு ஆண்டும் பட்டியலில் உண்டா, சேரக் கடைசி நாள் எது என்பதை எழுத்தில் வாங்கச் சொல்லுங்கள்.

பெரிய தொகையை நினைத்து யாரும் கணக்குப் போட வேண்டாம். அங்கே 2022 மே மாதம் ஃபோக்ஸ்வாகன் சமரசமாகக் கொடுத்த 19.3 கோடி பவுண்டு, சுமார் 91,000 பேருக்கு. தலைக்குச் சராசரியாக 2,100 பவுண்டு.

சிக்கல் எல்லாம் ஒப்பந்தத்தில்தான் வரும். 'ஜெயித்தால் மட்டும் கட்டணம்' என்பார்கள்; இழப்பீட்டில் பங்கு எடுக்கும் ஒப்பந்தமானால் வாட் உட்பட 50 சதவீதம் வரை எடுக்கச் சட்டம் இடம் தருகிறது. பாதியில் விலகினால் அதுவரையான செலவைக் கேட்பார்களா, தோற்றால் எதிர்த்தரப்புச் செலவை ஏற்க காப்பீடு இருக்கிறதா, இந்த இரண்டு வரிகளைத் தேடிப் படிக்கட்டும். ஏற்கெனவே வேறு நிறுவனத்தில் ஒரு விளம்பரத்தைத் தட்டிப் பெயர் கொடுத்திருந்தால் மறுபடி சேரக் கூடாது. இரண்டு பக்கமும் பில் வரலாம். ஆன்லைனில் கையெழுத்திட்டாலும் பொதுவாக 14 நாளுக்குள் ரத்து செய்யலாம். வக்கீல் நிறுவனத்தின் பெயர், அங்கே வக்கீல்களைக் கண்காணிக்கும் சொலிசிட்டர்ஸ் ரெகுலேஷன் அத்தாரிட்டி பதிவேட்டில் இருக்கிறதா என்று முதலில் பார்க்கட்டும். முன்பணம் கேட்டால் அந்த மெயிலை அழித்துவிடலாம்.

கேள்வி (நாகர்கோவில் வாசகர்): போன மாதம் மென்பொருள் திருத்தம் செய்த பிறகு என் ஸ்கோடா ராபிட் கார் பேச்சிப்பாறை ஏற்றத்தில் இழுவை இல்லாமல் கரும்புகை தள்ளுகிறது. இதற்காவது நஷ்டஈடு கேட்கலாமா?

பதில்: கேட்கலாம், இது இப்போது எழுந்த புதிய குறை. முதலில் இ.ஜி.ஆர். வால்வைப் பாருங்கள். வெளியேறும் புகையில் ஒரு பங்கை மறுபடி இன்ஜினுக்குள் அனுப்புவது அதன் வேலை. அந்தக் கரியும் ஆயில் ஆவியும் சேர்ந்து இன்ஜினுக்குள் காற்று போகும் குழாயான இன்டேக் மேனிஃபோல்டில் தார் மாதிரிப் படியும்; வால்வு திறந்தபடியே சிக்கினால் நீங்கள் சொல்லும் அறிகுறிகள்தான் வரும். வடசேரிக்கும் கோட்டாறுக்குமாக மட்டும் ஓடும் வண்டியில் கரி சீக்கிரம் படியும். ஸ்கேனரில் வால்வுக்குக் கணினி இட்ட கட்டளையையும் வால்வு நின்ற நிலையையும் ஒப்பிட்டால் தெரிந்துவிடும். சுத்தம் செய்தாலே பல நேரம் சரியாகும். வால்வைத் தகடு வைத்து அடைத்துத் தருகிறேன் என்னும் மெக்கானிக்கிடம் வண்டியை விடாதீர்கள். அடைத்த வண்டியோடு ஆணையத்தின் முன் நிற்க முடியாது.

வண்டியைச் சர்வீஸ் சென்டரில் விடும்போதே 'திருத்தத்துக்குப் பின் இழுவைக் குறைவு, கரும்புகை' என்று ஜாப் கார்டில் எழுத வைத்து நகல் வாங்குங்கள். 'ஜெனரல் செக்கப்' என்று எழுதினால் கையெழுத்துப் போடாதீர்கள். சரியாகாவிட்டால் சேர்ந்ததற்கான ஒப்புகையுடன் ஸ்பீடு போஸ்டில் நோட்டீஸ் அனுப்பி 15 நாள் அவகாசம் கொடுங்கள். பிறகு நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் தரலாம். டீலர் எந்த ஊரில் இருந்தாலும் சரி. கொடுத்த விலை 5 லட்சத்துக்கு மேல் 10 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் 200 ரூபாய். வக்கீல் கட்டாயமில்லை. மைலேஜ் குறைவையும் சேர்ப்பதானால், டிஸ்பிளே காட்டும் எண் போதாது. ஒரே பம்பில் டேங்க் நிரப்பி ஓட்டி, மறுபடி நிரப்பி, மூன்று தடவையாவது பில்லையும் ஓடோமீட்டர் படத்தையும் சேர்த்து வையுங்கள்.