ஏவுகணைக்கு ஜிகினா காட்டும் வித்தை

வாசகர் கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் சொல்பவர், கடற்படைக் கப்பல்களில் 15 ஆண்டுகள் ரேடார் பராமரித்து ஓய்வுபெற்றவர்.

கே: உக்ரைன் போர்ச் செய்திகளில் ‘ஏவுகணையை ஜாம் செய்துவிட்டார்கள்’ என்று வருகிறது. பறந்து வருகிற இரும்பை வெறும் ரேடியோ அலை எப்படி சார் நிறுத்தும்? (வாசகர், சாத்தூர்)

ப: நிறுத்தாது. இரும்பு வந்துகொண்டேதான் இருக்கும். போகிற வழி அதற்குத் தெரியாமல் போகும், அவ்வளவுதான்.

நான் சிறுவனாக இருந்தபோது, அம்மா மிக்ஸியில் சட்னி அரைக்க ஆரம்பித்தால் இலங்கை வானொலிப் பாட்டு ‘கொர்ர்ர்’ என்று அமுங்கிவிடும். தினமும் காலையில் இதற்கொரு சண்டை. மிக்ஸி பாடகரின் தொண்டையையா பிடித்தது? எங்கள் வீட்டு ரேடியோவின் காதை அடைத்தது. ஜாமிங்கும் அதுதான். ஜிபிஎஸ் செயற்கைக்கோள் சுமார் 20,200 கி.மீ. உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து ஒரு குண்டு பல்பு அளவு சக்தியில் பேசுகிறது. தரைக்கு வந்து சேரும்போது அது முனகல்கூட இல்லை. பக்கத்தில் ஒரு மிக்ஸியை ஓடவிட்டால் போதும்.

எக்ஸ்காலிபர் என்று ஒரு பீரங்கிக் குண்டு. ஜிபிஎஸ் பார்த்துப் போய் விழுவது. அமெரிக்கா உக்ரைனுக்குக் கொடுத்தது. வந்த புதிதில் சொன்ன இடத்தில் விழுந்தது. ரஷ்யா ஜாமர்களை இறக்கிய பிறகு பத்துக்கு ஒன்றுகூடத் தேறவில்லை என்று உக்ரைன் தரப்புக் கணக்கே சொல்வதாக 2024 மே மாதம் அமெரிக்கப் பத்திரிகைகள் எழுதின. உக்ரைனும் சும்மா இல்லை. போலி ஜிபிஎஸ் சமிக்ஞை அனுப்பி, ‘நீ இருப்பது இங்கே இல்லை, அங்கே’ என்று நம்பவைத்து, ரஷ்யா ஏவும் ஷாஹித் ட்ரோன்களைத் திசைதிருப்பியது. கூச்சல் போட்டால் எதிராளி உஷாராகிவிடுவான். காதோடு சொல்லும் பொய்யில் அந்தத் தொல்லை இல்லை. என் ஓட்டு எப்போதும் பொய்க்குத்தான்.

கே: ‘சாஃப்’ என்றால் என்ன? நீங்கள் நேரில் பார்த்திருக்கிறீர்களா? (வாசகி, காரைக்குடி)

ப: பார்த்தது மட்டுமா அம்மா, ஒரு வாரம் சொறிந்துகொண்டும் இருந்தேன்.

சாஃப் என்பது எதிரி ரேடாரை ஏமாற்ற வானில் தூவும் ஜிகினா. காலாவதியான ஒரு சாஃப் தோட்டாவைப் பயிற்சிக்காகப் பிரித்துக் காட்டினார்கள். உள்ளே அலுமினியம் பூசிய கண்ணாடி இழைகள், தலைமுடியைவிட மெல்லியவை, கத்தை கத்தையாக. மின்விசிறியை நிறுத்த யாருக்கும் தோன்றவில்லை. ஒரு நொடியில் அறை முழுக்க ஜிகினா. சட்டை, புருவம், டீ கிளாஸ் எல்லாம் மினுங்கியது. அப்போது எரிச்சலாக இருந்தது. கடலிலும் இதேதான் நடக்கவேண்டும் என்பது பிறகுதான் உறைத்தது.

இழையின் நீளத்தில்தான் சூட்சுமம். ரேடார் அலையின் நீளத்தில் பாதியாக நறுக்கினால் இழை அந்த அலையை நன்றாகத் திருப்பியடிக்கும். ஏவுகணையின் மூக்கு ரேடார் 3 செ.மீ. அலையில் வேலை செய்தால், இழை 1.5 செ.மீ. எதிரி எந்த அலையில் வருவான் என்று முன்கூட்டித் தெரியாதே, அதனால் பல நீளங்களில் நறுக்கிக் கலந்து அடைப்பார்கள். தோட்டா வானில் வெடித்ததும் கப்பலுக்குப் பக்கத்தில் இன்னொரு கப்பல் நிற்பதுபோல் ரேடாருக்குத் தெரியும். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்து நாம் நைசாக விலகிப்போய்விட வேண்டும். காற்றைப் பார்க்காமல் சுட்டால் மேகம் நம் தலைக்கே வரும்.

கே: இதனால் உண்மையிலேயே போரில் பலன் கிடைத்திருக்கிறதா? (வாசகர், திருநெல்வேலி)

ப: ஸ்டிக்ஸ் என்ற சோவியத் ஏவுகணையின் கதையைக் கேளுங்கள். 1967 அக்டோபரில் எகிப்தியப் படகுகள் அதை ஏவி எய்லாட் என்ற இஸ்ரேலிய நாசகாரிக் கப்பலை மூழ்கடித்தன. 1971 டிசம்பர் 4 இரவு நம் ஏவுகணைப் படகுகள் அதே ஸ்டிக்ஸால் கராச்சிக்கு வெளியே பாகிஸ்தானின் கைபர் என்ற நாசகாரிக் கப்பலை மூழ்கடித்தன. வந்தது ஏவுகணை என்பதே கைபரில் இருந்தவர்களுக்குத் தெரியவில்லை. விமானம் என்று நினைத்துச் சுட்டார்கள். 1973 அக்டோபரில் சிரியாவின் லடாக்கியா கடலில் சிரியப் படகுகள் அதே ஸ்டிக்ஸை ஏவின. எய்லாட்டில் சூடுபட்ட இஸ்ரேல் அதற்குள் சாஃபும் மின்னணு ஏமாற்றுக் கருவிகளும் தயாராக வைத்திருந்தது. இஸ்ரேலின் கேப்ரியல் ஏவுகணைக்குத் தூரம் ஸ்டிக்ஸில் பாதிதான். ஆனாலும் ஒரு ஸ்டிக்ஸ்கூடப் படவில்லை. சிரியாவின் 5 கலங்கள் மூழ்கின. ஆறே வருடத்தில் ராஜா கூஜாவானார்.

கே: ஏமாந்த ஏவுகணை எங்கே போகும்? (கல்லூரி மாணவர், கோவை)

ப: தம்பி, பயிற்சி வகுப்பில் இந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை.

1982 மே 25. அர்ஜென்டினா பிடித்த ஃபாக்லாந்துத் தீவுகளை மீட்க வந்த பிரிட்டிஷ் கப்பல் கூட்டம், தீவுகளுக்கு வடகிழக்கே. அர்ஜென்டினாவின் இரண்டு சூப்பர் எத்தாண்டர் விமானங்கள் இரண்டு எக்ஸோசெட் ஏவுகணைகளை ஏவிவிட்டுத் திரும்பின. கடல்மட்டத்தை ஒட்டி நொடிக்குச் சுமார் 300 மீட்டர் வேகத்தில் வரும் சாமான் அது. போர்க்கப்பல்கள் சாஃப் சுட்டன. அம்பஸ்கேட் என்ற போர்க்கப்பல் தப்பியது. எல்லாம் பாடப்புத்தகத்தில் உள்ளபடியே. ஆனால் மேகத்துக்குள் புகுந்து அந்தப் பக்கம் வெளியேறிய ஏவுகணையின் ரேடார் அணைந்துவிடவில்லை, மறுபடியும் தேடியது. அதற்கு எதிரே அட்லாண்டிக் கன்வேயர் என்ற சரக்குக் கப்பல். போருக்காக அவசரமாக வாடகைக்கு எடுத்தது. அதில் சாஃபும் இல்லை, எச்சரிக்கைக் கருவியும் இல்லை. கேப்டனோடு சேர்த்து 12 பேர் இறந்தார்கள். உள்ளே இருந்த 3 சினூக் ஹெலிகாப்டர்கள் எரிந்தன. நான்காவது அப்போது வானில் இருந்ததால் பிழைத்தது. ஏறிப்போக ஹெலிகாப்டர் இல்லாமல் பிரிட்டிஷ் சிப்பாய்கள் சதுப்பு நிலத்தில் மூட்டை சுமந்து தலைநகர் ஸ்டான்லியை நோக்கி நடந்தார்கள்.

அதற்கு மூன்று வாரம் முன்பு, மே 4 அன்று, ஷெஃபீல்ட் என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பல் எக்ஸோசெட்டால் அடிபட்டதும் இந்த வகையில் கவனிக்க வேண்டியது. எதிரி ரேடாரை மோப்பம் பிடிக்கும் கருவி அதில் இருந்தது. அந்த நேரம் பார்த்துக் கப்பல் செயற்கைக்கோள் வழியே பேசிக்கொண்டிருந்தது. தன் பேச்சிரைச்சலே தன் காதை அடைத்தது. 20 பேர் போனார்கள். எங்கள் வீட்டு மிக்ஸிதான், மறுபடியும்.

கே: அப்படியானால் ஏவுகணைகளுக்குக் கோடி கோடியாகக் கொட்டுவது வீண்தானே? (வாசகர், வேலூர்)

ப: இல்லை. ஜாமர் போடும் கூச்சலையே விலாசமாக வைத்துக்கொண்டு அதன் மேலேயே போய் விழும் ஏவுகணைகள் இருக்கின்றன. ஜாமரை ஓட்டுபவன் இருட்டில் டார்ச் அடிப்பவன் மாதிரி. உக்ரைனில் இன்னும் எளிமையான வழி கண்டார்கள். ட்ரோனுக்குப் பின்னால் பல கிலோமீட்டர் கண்ணாடி இழைக் கேபிளைக் கட்டி அவிழ்த்துக்கொண்டே பறக்கவிடுகிறார்கள். ரேடியோவே இல்லாதபோது எதை ஜாம் செய்வது? அங்கே சில வயல்களில் அந்த இழைகள் சிலந்திவலை மாதிரி கிடப்பதைப் படத்தில் பார்த்தேன். உழப்போகும் விவசாயியை நினைத்துக்கொண்டேன்.

கே: எதிர்வீட்டுக்காரர் விடிய விடிய செல்போனில் கத்துகிறார். இணையத்தில் சின்ன ஜாமர் விற்கிறார்களாமே, வாங்கலாமா? (‘தூக்கமில்லாதவர்’, தாம்பரம்)

ப: கூடாது. நம் நாட்டில் தனியார் ஜாமர் வைத்திருப்பது சட்டவிரோதம். அதோடு, அந்த இரவில் உங்களுக்கே நெஞ்சுவலி வந்தால் 108-க்கும் போன் போகாது. காலிங் பெல்லை அழுத்திச் சொல்லிப் பாருங்கள்.