நிமோனியாவுக்குப் பிறகு அப்பா நாற்காலியிலிருந்து எழத் தடுமாறுகிறார், கஞ்சி போதுமா?

போதாது. அப்பா இப்போது 56 கிலோ என்கிறீர்கள், நாளுக்கு 67 முதல் 84 கிராம் புரதம் வேண்டும் (கிலோவுக்கு 1.2–1.5). மூன்று வேளை வெறும் கஞ்சியும் மைலோவும் (சாக்லேட் மால்ட் பானம்) அதில் பாதிகூடத் தேறாது.

ஆஸ்பத்திரி வார்டில் இருந்தபோது குறைந்த 4 கிலோவில் கணிசமான பங்கு தசையாக இருக்கலாம். சும்மா பட்டினி கிடந்தால் உடம்பு மெல்லக் கொழுப்புக்கு மாறித் தசையைக் காக்கும். கிருமித்தொற்றில் அப்படியில்லை: கார்டிசோல் என்ற அழுத்த ஹார்மோனும் அழற்சியும் தசைப் புரதத்தை உடைத்து நோயெதிர்ப்புக்கும் குளுக்கோஸுக்கும் அனுப்பிவிடும். 10 நாள் படுக்கை வேறு.

கஞ்சியை நிறுத்த வேண்டாம், கனமாக்குங்கள். கொதிக்கும்போதே ஒரு முட்டையை உடைத்து ஊற்றிக் கலக்கினால் 6 கிராம் புரதம். பினாங்கில் எந்தப் பாசாரிலும் (சந்தை) கிடைக்கும் தெம்பே (நொதிக்க வைத்த சோயாக் கட்டி), 100 கிராமுக்கு ஏறக்குறைய 19. பிய்த்துப் போட்ட கோழி அதற்கும் மேல். ராத்திரியில் மொத்தமாகத் திணிக்காமல் வேளைக்குக் கொஞ்சமாகப் பிரியுங்கள்.

கையை மார்பில் கட்டி 5 முறை எழுந்து உட்காரச் சொல்லிப் பாருங்கள், பக்கத்தில் ஆள் நிற்கட்டும். 15 விநாடிக்கு மேல் போனால் தசை பலம் குறைவுதான். எடையை மட்டும் நம்பாதீர்கள். கால் வீக்கத்தில் சேரும் நீர் எடையைக் கூட்டிக் காட்டி ஏமாற்றும்.

சிறுநீரகக் கோளாறு இருந்தால் டாக்டரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டாதீர்கள். இனிப்புநீர் (நீரிழிவு) இருந்தால் மைலோவையும் குறையுங்கள்.