"முதல்ல நாங்க விசாரிக்கிறோம்" என்று சொன்னால்? போக்சோ பற்றிய கேள்விகளும் பதில்களும்

ராமநாதபுரத்தில் வழக்கறிஞராக இருக்கிறேன். இந்த முறை வந்த கேள்விகள் பெரும்பாலும் ஒரே இடத்தில் முட்டி நிற்கின்றன. பள்ளியோ விடுதியோ சங்கமோ, "நாங்கள் விசாரித்துக்கொள்கிறோம்" என்று சொல்லிவிடுகிறது. கேட்டவர்களின் பேரையும் ஊரையும் எடுத்துவிட்டேன். பாம்பனோ தொண்டியோ, நம் கரையோர ஊர்களில் தெருவைச் சொன்னாலே வீட்டைக் கண்டுபிடித்துவிடுவார்கள்.

மேடம், என் மகள் ஏழாவது படிக்கிறாள். ஒரு வாத்தியார் தப்பாகத் தொடுகிறார் என்று சொன்னாள். தலைமையாசிரியரிடம் போனால், "கமிட்டி போட்டிருக்கிறோம், வெளியே பேசாதீங்க" என்கிறார். வீட்டுக்காரர் போட்டில் போயிருக்கிறார். அவர் கரைக்கு வரட்டும் என்று பார்க்கிறேன். சரியா?

காத்திருக்காதீர்கள் அம்மா. புகார் கொடுக்க வீட்டுக்காரர் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டத்திலும் இல்லை. நீங்களே போகலாம்.

பாலியல் குற்றங்களிலிருந்து பிள்ளைகளைக் காக்க 2012இல் வந்த போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவு, விஷயம் தெரிந்த எவரும் காவல்துறைக்குச் சொல்லியே ஆக வேண்டும் என்கிறது. "விசாரித்து உண்மை என்று தெரிந்த பிறகு" என்று அதில் ஒரு வார்த்தையும் கிடையாது. சொல்லாமல் விட்டால் 21ஆம் பிரிவில் ஆறு மாதம் வரை சிறை அல்லது அபராதம், அல்லது இரண்டும். தனக்குக் கீழே வேலை பார்ப்பவர் செய்ததை நிறுவனத்தின் பொறுப்பில் இருப்பவர் மறைத்தால் ஓராண்டு வரை சிறையும் அபராதமும். ஆக, கமிட்டி போட்டு உட்கார்ந்திருக்கும் உங்கள் தலைமையாசிரியர் தன் தலையிலேயே ஒரு வழக்கை இழுத்துக்கொண்டிருக்கிறார். வாத்தியார் மீது துறை நடவடிக்கை எடுக்கப் பள்ளி விசாரிக்கட்டும், வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. அது புகாருக்கு ஈடாகாது, அவ்வளவுதான்.

அனைத்து மகளிர் காவல் நிலையத்துக்குப் போங்கள். தொலைவு என்றால் பக்கத்தில் இருக்கும் எந்தக் காவல் நிலையமும் புகாரை வாங்கித்தான் ஆக வேண்டும். தயக்கமாக இருந்தால் முதலில் குழந்தைகள் உதவி எண் 1098க்குப் பேசுங்கள். பள்ளி சம்பந்தப்பட்டது என்பதால் பள்ளிக்கல்வித் துறையின் உதவி எண் 14417க்கும் சொல்லலாம். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: மனு வாங்கியதற்கான சி.எஸ்.ஆர். ரசீதை மட்டும் கையில் கொடுத்து அனுப்பினால் திரும்பிவிடாதீர்கள். எப்.ஐ.ஆர்., அதாவது முதல் தகவல் அறிக்கை, போட வேண்டும், அதன் நகலை இலவசமாகத் தர வேண்டும். பதிவு செய்யாமல் விடும் காவலருக்கும் அதே 21ஆம் பிரிவு பொருந்தும்.

விடுதிக் காப்பாளராக இருக்கிறேன். என் கையில் இருப்பது சந்தேகம்தான். ஆதாரமில்லாமல் சொல்லி, நாளைக்குப் பொய் என்றாகிவிட்டால் என்மேல் வழக்கு வராதா?

வராது சார். குற்றம் நடக்கலாம் என்ற அச்சம் இருந்தாலே சொல்ல வேண்டும் என்றுதான் சட்டம் இருக்கிறது. நல்லெண்ணத்தோடு சொன்னவர் மீது நடவடிக்கை எடுக்க முடியாது. தண்டனை, ஒருவரை அவமானப்படுத்தவோ மிரட்டவோ பொய் என்று தெரிந்தே புகார் கொடுப்பவருக்குத்தான். பிள்ளை சொன்னது பொய்யாகவே இருந்தாலும் பிள்ளைக்குத் தண்டனை கிடையாது.

ஆதாரம் தேடுவது காவல்துறையின் வேலை. நீங்கள் தேடப்போனால் கெடுத்துவிடுவீர்கள். பிள்ளையைத் திரும்பத் திரும்பக் கேள்வி கேட்காதீர்கள். அவன் சொன்னதை அவன் வார்த்தையிலேயே தேதி போட்டு எழுதி வையுங்கள். சிசிடிவி இருந்தால் பழைய பதிவு அழிவதற்குள் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். சம்பந்தப்பட்டவரை வேறு விடுதிக்கு மாற்றிவிட்டு "பிரச்சினை முடிந்தது" என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். நான் பார்த்தவரை நிர்வாகங்கள் அதிகம் செய்யும் அநியாயம் இதுதான். அங்கேயும் பிள்ளைகள்தானே இருக்கிறார்கள்.

அக்கா, ஊர்ப் பெரியவர்கள் இரண்டு குடும்பத்தையும் கூப்பிட்டுப் பேசி முடித்துவிட்டார்கள். பிள்ளையின் அப்பா பணம் வாங்கி, வெள்ளைத்தாளில் கையெழுத்தும் போட்டுவிட்டார். இனி ஒன்றும் செய்ய முடியாதா?

செய்யலாம் தம்பி. அந்தக் கையெழுத்து நீதிமன்றத்தில் செல்லாது. பிள்ளைக்கு நடந்த குற்றத்தை மன்னித்துவிட அப்பாவுக்கும் அதிகாரம் இல்லை.

ராஜஸ்தானில் இதே மாதிரி ஒரு வழக்கு. மாணவியிடம் தவறாக நடந்ததாக ஓர் ஆசிரியர் மீது 2022இல் புகார். பிறகு பிள்ளையின் தகப்பனார் சமாதானமாகிவிட்டதாக எழுதிக் கொடுக்க, உயர் நீதிமன்றம் வழக்கையே ரத்து செய்துவிட்டது. குடும்பத்தைச் சேராத வெளியாட்கள்தான் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார்கள். இப்படிப்பட்ட குற்றத்தைத் தனிப்பட்ட சமரசமாக முடிக்க முடியாது என்று சொல்லி, ரத்து செய்த உத்தரவை 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் நீக்கியது. குடும்பம் பின்வாங்கினாலும் மற்றவர் கேட்கலாம் என்பதைப் பார்த்தீர்களா?

ஊர்க்கூட்டத்தை நான் குறைத்துப் பேச மாட்டேன். வலை அறுந்த தகராறு, பங்குப் பணத் தகராறு எல்லாம் நீதிமன்றத்தைவிட அங்கே சீக்கிரம் தீர்கிறது. இதில் மட்டும் அதற்கு இடமே இல்லை. ஊர்த் தலைவரோ ஜமாஅத்தோ பங்குப் பேரவையோ, விஷயம் காதுக்கு வந்துவிட்டால் அவர்களுக்கும் 19ஆம் பிரிவு பொருந்தும். பேசி முடித்தவர்கள், தெரிந்தும் மறைத்தவர்கள் ஆகிவிடுகிறார்கள்.

ஆம்பளப் பையனுக்கும் இந்தச் சட்டம் உண்டா?

உண்டு. 18 வயது முடியாத எல்லாருக்கும்.

பிள்ளையை ஸ்டேஷனுக்கு இழுத்து, கோர்ட்டில் எதிராளி முன்னால் நிறுத்துவார்களே. அதை நினைத்துத்தான் பேசாமல் இருக்கிறோம்.

பலரும் வாய் திறக்காததற்கு இந்தப் பயம்தான் காரணம். வாக்குமூலத்தை வீட்டிலோ பிள்ளை விரும்பும் இடத்திலோ வாங்க வேண்டும். கூடியவரை பெண் சப்-இன்ஸ்பெக்டர் வர வேண்டும், சீருடையில் வரக்கூடாது. எந்தக் காரணத்துக்காகவும் இரவில் பிள்ளையைக் காவல் நிலையத்தில் வைத்திருக்கக் கூடாது. பெண் பிள்ளையைப் பெண் மருத்துவர்தான் பரிசோதிக்க வேண்டும், பெற்றோரோ பிள்ளை நம்பும் ஒருவரோ கூட இருக்கலாம். நீதிமன்றத்தில் விசாரணை மூடிய அறையில் நடக்கும். எதிராளி கண்ணில் படாதபடி பிள்ளையை உட்கார வைக்க வேண்டும். எதிர்த்தரப்பு வக்கீல் பிள்ளையிடம் நேரடியாகக் கேள்வி கேட்க முடியாது, நீதிபதி வழியாகத்தான் கேட்க வேண்டும். கூடவே இருந்து உதவ ஓர் ஆதரவாளரைக் குழந்தைகள் நலக் குழு நியமிக்கலாம், கேட்டு வாங்குங்கள். சட்டத்தில் இருப்பதெல்லாம் அப்படியே நடந்துவிடுகிறது என்று சொல்ல மாட்டேன். தெரிந்துகொண்டு போனால் வாய்விட்டுக் கேட்கலாம்.

2014இல் ஒன்பதாவது படித்தபோது ஒரு பயிற்சியாளர் என்னிடம் தவறாக நடந்தார். இப்போது நான் வேலைக்குப் போகிறேன். அவர் இன்னும் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கிறார். காலம் கடந்துவிட்டதா?

இல்லை. கால வரம்பு இருப்பது மூன்றாண்டு வரை தண்டனை உள்ள குற்றங்களுக்கு மட்டுமே, அதையும் நீதிமன்றம் தளர்த்தலாம். பாலியல் நோக்கத்தோடு தொட்டாலே ஐந்தாண்டு வரை தண்டனை உண்டு என்பதால் உங்களுக்கு அந்தத் தடை வராது. 2012 நவம்பர் 14க்குப் பிறகு நடந்ததால் போக்சோவிலேயே வழக்குப் போடலாம். நாள் சரியாக நினைவில்லை என்றால் எந்த வகுப்பு, எந்தப் போட்டிக்கு முன், அப்போது யாரிடம் சொன்னீர்கள் என்று எழுதுங்கள். அந்த நிர்வாகத்தில் யாருக்குத் தெரியும் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். எழுதி முடித்ததும் என்னைப் பார்க்க வாருங்கள். தனியாக ஸ்டேஷனுக்குப் போக வேண்டாம்.

வாட்ஸ்அப்பில் எதிராளி போட்டோவைப் போட்டு ஊரை எச்சரிக்கலாமா?

அவசரப்படாதீர்கள். பிள்ளையின் பெயர், படம், பள்ளி, தெரு எதுவும் வெளிவரக் கூடாது. எதிராளி சொந்தக்காரராக இருந்தால் அவர் பெயரே பிள்ளையைக் காட்டிக்கொடுத்துவிடும்.

டியூஷன் சென்டர் நடத்துகிறேன், இரண்டு பேரை வேலைக்கு எடுக்கப்போகிறேன். முன்கூட்டியே என்ன செய்ய வேண்டும்?

இதைக் கேட்டதற்கே நன்றி. பிள்ளைகளோடு பழகும் எல்லாருக்கும் காவல்துறைச் சரிபார்ப்பு வேண்டும் என்று போக்சோவின் 2020 விதிகள் சொல்கின்றன. எடுக்கும்போது ஒருமுறை மட்டும் போதாது, அவ்வப்போது செய்ய வேண்டும். முன்பு வேலை பார்த்த இடத்துக்கு நீங்களே போன் செய்து ஏன் விலகினார் என்று கேளுங்கள். மழுப்பலான பதில் வந்தால் எடுக்காதீர்கள். கதவில் கண்ணாடி வையுங்கள். 1098ஐப் பிள்ளைகள் கண்ணில் படும்படி எழுதுங்கள். புகார்ப் பெட்டி வைத்தால் அதன் சாவி வேலை பார்ப்பவர்களிடம் இருக்கக் கூடாது, பெற்றோர் இருவரிடம் கொடுங்கள். சரிபார்ப்பு வந்து சேரும் வரை புது ஆளைப் பிள்ளைகளோடு தனியாக விடாதீர்கள்.