தாலிக்கொடியை அடைவு வைக்கலாமா?

கேள்வி: என் கணவர் இரண்டு வருடமாகப் போனில் கிரிக்கெட் பந்தயம் கட்டி வந்தது போன மாதம்தான் எனக்குத் தெரிந்தது. மொத்தக் கடன் 7,20,000 ரூபா. சீட்டைக் கழிவு கூறி முன்கூட்டியே எடுத்ததில் இன்னும் 3,00,000 கட்ட வேண்டும். ஒன்லைன் லோன் 1,20,000. சிநேகிதர் ஒருவரிடம் கைமாற்று 3,00,000. என்னுடைய 11 பவுண் தாலிக்கொடியை அடைவு வைத்து எல்லாவற்றையும் ஒரேயடியாக முடிக்கச் சொல்கிறார் மாமி. கனடாவில் இருக்கும் அண்ணா வீட்டு வேலைக்கு அனுப்பிய காசும் இதில் போய்விட்டது. கேட்டால், "அரசாங்கமே லொத்தர் விற்குது, நான் என்ன பிழை செய்தேன்?" என்கிறார். கொடியை வைக்கலாமா? இதையெல்லாம் அரசாங்கம் தடுக்க வேண்டாமா?
- வாசகி, கோண்டாவில்

பதில்: கொடியைத் தொட வேண்டாம், தங்கச்சி. ஏனென்று கணக்காகவே சொல்கிறேன்.

7,20,000 என்று ஒரே தொகையாகப் பார்ப்பதால்தான் தலை சுற்றுகிறது. அது மூன்று வேறு கடன். சீட்டுக் காசு மாதாமாதம் கட்டி முடிப்பது. நாளைக்கே 3 லட்சத்தையும் கொண்டுபோய்க் கொடுத்தாலும் உங்களுக்கு ஒரு சதம் மிச்சமில்லை. சிநேகிதரின் கைமாற்றுக்கு வட்டி இல்லை. மாதம் இவ்வளவு என்று அவரிடம் நேரில் போய்ப் பேசலாம். பேசும்போது நீங்களும் கூட இருங்கள். நித்திரையைக் கெடுப்பது அந்த ஒன்லைன் லோன் மட்டும்தான். தவணை பிந்தினால் வட்டிக்கு மேல் தண்டம் ஏறும், போனில் இருக்கிற இலக்கங்களுக்கெல்லாம் அழைப்புப் போகும். ஆக, உடனே தேவைப்படுவது 1,20,000 தான். இன்றைய பவுண் விலைக்கு ஒரு பவுண் காப்பு ஒன்றே அதற்குக் காணும்.

அதையும் வங்கியில் உங்கள் பெயரில் வையுங்கள். அடைவுச் சீட்டு உங்கள் கையில் இருக்கட்டும். காசை அவர் கையில் கொடுக்காமல் லோன்காரரின் கணக்குக்கு நேரே போட்டு, கடன் முடிந்தது என்று எழுத்தில் வாங்குங்கள். 11 பவுணை வைத்தால் தேவைக்கு மேல் பல லட்சம் வீட்டுக்குள் வரும். பந்தயத்தில் விட்டவருக்கு அந்த மிச்சக் காசு எப்படித் தெரியும் என்று நினைக்கிறீர்கள்? விட்டதைப் பிடிக்கிற முதலாகத்தான் தெரியும். இத்தனை வருடத் தொழிலில் நகை வைத்து ஒரேயடியாகக் கடன் முடித்த வீடுகள் சில, ஆறு மாதம் கழித்து அதே கடனோடு, நகையும் இல்லாமல், என் மேசைக்கு முன்னால் வந்து இருந்திருக்கின்றன.

இன்னொன்று, வீடு. சீதனமாக உங்கள் பெயரில் எழுதிய வீடென்றால் உங்கள் கையெழுத்து இல்லாமல் அவர் அதை ஈடு வைக்க முடியாது. யார் எந்தக் கடதாசியை நீட்டினாலும், மாமியே நீட்டினாலும், வாசிக்காமல் கையெழுத்து வைக்காதீர்கள்.

சரி, லொத்தர் கதைக்கு வருவோம். உங்கள் கணவர் சொல்வதில் பாதி உண்மை. தேசிய லொத்தர் சபை 1963 முதல் இருக்கிறது. யாழ்ப்பாணம் பஸ் நிலையத்தடியில் இறங்கினால் முதலில் கண்ணில் படுவது ரிக்கெற் தட்டுத்தான். என் அப்பாவின் சட்டைப் பையிலும் எப்போதும் ஒன்று இருக்கும். 40 ரூபா ரிக்கெற்றை நாளுக்கு மூன்று வாங்குபவருக்கு வருடத்துக்கு 43,800 ரூபா செலவு. அதுவும் நட்டக் கணக்குத்தான், அதை நான் நியாயப்படுத்தப் போவதில்லை. ஆனால் லொத்தர் வாங்குபவர் சீட்டிழுப்பு வரைக்கும் காத்திருக்க வேண்டும். போனில் காத்திருப்பே இல்லை. அடுத்த ஓவருக்குப் பந்தயம், அடுத்த பந்துக்குப் பந்தயம்.

அவரிடம் இந்தக் கணக்கைக் காட்டுங்கள். சமபலமான இரண்டு அணிகள். எது வென்றாலும் அதில் 1,000 கட்டியவருக்கு 1,900 தருவோம் என்கிறார்கள். ஒருவர் ஒரு பக்கம், இன்னொருவர் மற்றப் பக்கம் ஆயிரம் ஆயிரமாகக் கட்டினால் உள்ளே போனது 2,000, வெளியே வந்தது 1,900. ஒவ்வொரு சுற்றிலும் நூற்றுக்கு ஐந்து அவர்களுக்கு. வென்ற காசையும் திரும்பத் திரும்பக் கட்டினால், 14 சுற்றில் சராசரியாகப் பாதி போய்விடும். லொத்தரில் 14 சுற்று என்றால் நாட்கணக்கு. போனில் ஒரு பின்னேரம்.

அரசாங்கம் தடுக்க வேண்டுமா என்றால், கட்டாயம் வேண்டும் என்பேன். ஆனால் எந்த இடத்தில் என்பதில்தான் எனக்கு மனக்குறை. 2025 இல் சூதாட்ட ஒழுங்குமுறை அதிகார சபைக்கான சட்டம் பாராளுமன்றத்தில் நிறைவேறியது. கசினோவுக்குள் போகும் இலங்கையரிடம் அறவிடும் நுழைவுக் கட்டணத்தை 50 டொலரிலிருந்து 100 டொலராக்கவும் அதே வருடம் முடிவெடுத்தார்கள். நல்லது. ஆனால் கோண்டாவிலில் கட்டிலில் படுத்திருந்து கட்டுகிறவருக்குக் கட்டணம் கேட்க வாசலும் இல்லை, காவலாளியும் இல்லை.

முழுத் தடையும் லேசான காரியமில்லை. தமிழ்நாட்டில் 2003 இல் லொத்தரையே தடை செய்தார்கள். கடைகள் மூடப்பட்டன, மூன்று இலக்க லொத்தர் விற்றவர் கைது என்ற செய்தி மட்டும் இன்றுவரை நிற்கவில்லை. காசு போகிற வழியில் கை வைத்த நாடுகளைத்தான் நான் பார்க்கச் சொல்வேன். பிரித்தானியாவில் 2020 ஏப்ரலிலிருந்து கடனட்டையில் பந்தயம் கட்ட முடியாது. நோர்வேயில் காசு போட்டு விளையாடும் இயந்திரங்களை 2007 இல் கடைகளிலிருந்து தூக்கிவிட்டார்கள். பிறகு வந்தவற்றில் இவ்வளவுக்கு மேல் தோற்க முடியாது என்று வரம்பு இருக்கிறது. ஒஸ்லோவில் சொந்தக்காரர் இருந்தால் கேட்டுப் பாருங்கள். சிங்கப்பூரில், உங்களைப் போன்ற ஒரு மனைவி விண்ணப்பித்துக் கணவரைக் கசினோவுக்குள் விடாமல் செய்யலாம். இங்கே அப்படி ஒரு விண்ணப்பப் படிவம் வரும் வரைக்கும் அந்த வேலையை நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

சம்பளம் விழுகிற கணக்கின் அட்டையில் ஒன்லைன் கொடுப்பனவை நிறுத்தச் சொல்லி அவரையே வங்கிக்குக் கூட்டிப் போங்கள். அவர் சம்மதியாமல் இது நடக்காது. சம்மதிக்காவிட்டால், இன்னும் விட மனமில்லை என்று அர்த்தம். சீட்டுத் தவணை சம்பளத்தன்றே போகட்டும். அண்ணாவிடம் உண்மையைச் சொல்லிவிடுங்கள், கஷ்டம்தான். இனி அனுப்பும் காசு உங்கள் தனிக் கணக்குக்கு வரட்டும், மேசனுக்குக் கொடுக்க வேண்டியதை நீங்களே கொடுங்கள். கணவர் நித்திரை இல்லாமல், யாரோடும் பேசாமல் திரிந்தால் கணக்குப் பார்ப்பதை ஒரு பக்கம் வைத்துவிட்டு மனநல உதவி இலக்கமான 1926 க்கு அழையுங்கள், அல்லது போதனா வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

காப்பை வைக்கப் போக முன் ஒரு வேலை இருக்கிறது. கணவருடைய கிரிப் (கடன் தகவல் பணியகம்) அறிக்கையை அவரே கேட்டு எடுக்கலாம். வங்கியிலும் பினான்ஸ் கம்பனிகளிலும் வாங்கிய கடன், லீசிங் எல்லாம் அதில் தெரியும். மூன்று கடன் என்று உங்களுக்குச் சொன்னது அவர்தானே? அறிக்கையில் நாலாவது ஒன்று இருந்தால் எனக்குத் திரும்ப எழுதுங்கள். நான் மேலே போட்ட கணக்கு முழுவதும் மாறும்.