கேஸ் கட்டளை: சின்னமுட்டம் முதல் மார்த்தாண்டம் வரை சில கேள்விகள்

பாஷ் (லினக்ஸில் நாம் தட்டும் கட்டளைகளை நடத்திவைக்கும் ஷெல்) ஸ்கிரிப்டில், ஒரு மதிப்பு எந்த வடிவத்தோடு பொருந்துகிறது என்று பார்த்து வேலையைப் பிரிக்கும் கேஸ் கட்டளையோடு மல்லுக்கட்டும் நம் குமரி மாவட்டத்து நண்பர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. பதில்களில் கட்டளைச் சொற்களை விட்டுவிட்டு, பேட்டர்ன் (பொருந்த வேண்டிய வடிவம்) பகுதியை மட்டும் எழுதுகிறேன். தகராறு பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது.

நாகர்கோவில், கல்லூரி மாணவி: அண்ணா, என் ஸ்கிரிப்டில் இஃப் மேல் இஃப் ஏறிக்கொண்டே போகிறது. எப்போது கேஸுக்கு மாற வேண்டும்?

ஒரே மாறியை மூன்றாவது முறை ஒப்பிடும்போது மாறிவிடுங்கள். பின்கோடு பிரிப்பதை எடுத்துக்கொள்வோம்:

629001)
629*)
*)

நட்சத்திரம் என்றால் அங்கே எது வேண்டுமானாலும் வரலாம். முதல் வரி நாகர்கோவில் தலைமை அஞ்சலகம், இரண்டாவது நம் மாவட்டத்தின் மற்ற ஊர்கள், மூன்றாவது வெளியூர். மேலிருந்து கீழே பார்த்து, முதலில் பொருந்தும் கிளையோடு கேஸ் நின்றுவிடும். 629* மேலே இருந்தால் 629001 கிளைக்கு ஒருநாளும் வேலை வராது.

முடிக்கும்போது கேஸை (case) திருப்பிப் போட்டு 'ஈஸாக்' (esac) என்று எழுத வேண்டும். 1979-இல் யூனிக்ஸ் ஏழாம் பதிப்போடு வந்த போர்ன் ஷெல், அல்கால் 68 மொழியிடம் வாங்கிய பழக்கம் அது. நான் முதன்முதலில் பார்த்தபோது அச்சுப்பிழை என்று நினைத்துத் திருத்திவிட்டேன்.

சின்னமுட்டம், விசைப்படகுக் கணக்கு எழுதுபவர்: மீன்பிடித் தடைக்காலத்தைக் கண்டுபிடிக்க, மாதம்-நாள் வடிவில் 04-[15-30] என்று எழுதினேன். ஏப்ரல் 20 கூடச் சிக்கவில்லையே?

சிக்காது அண்ணாச்சி. சதுர அடைப்பு எவ்வளவு நீளமாக இருந்தாலும் பொருந்துவது ஒரே ஓர் எழுத்துக்குத்தான். நீங்கள் பதினைந்து முதல் முப்பது வரை என்று எழுதினீர்கள். ஷெல் அதை '1, அப்புறம் 5 முதல் 3 வரை என்ற தலைகீழ் வரம்பு, அப்புறம் 0' என்று படிக்கிறது. தேதியோ இரண்டு இலக்கம். கேஸுக்கு எழுத்துதான் தெரியும், எண்ணின் மதிப்பு தெரியாது.

கிழக்குக் கடற்கரைத் தடை ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். அதை இப்படி உடைக்க வேண்டும் (? என்பது ஏதாவது ஓர் எழுத்து, | என்பது 'அல்லது'):

04-1[5-9] | 04-[23]? | 05-?? | 06-0? | 06-1[0-4]

குளச்சல்காரர்களுக்கு இந்தப் பாடு இல்லை. மேற்குக் கடற்கரைத் தடையும் 61 நாள்தான், ஆனால் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை முழு மாதங்களாக இருப்பதால் 0[67]-?? போதும்.

இரண்டு கரையையும் ஒரே ஸ்கிரிப்டில் வைத்தால் இன்னொரு பள்ளம் காத்திருக்கிறது. ஜூன் முதல் இரண்டு வாரம் இரண்டு தடையும் நடப்பில் இருக்கும். கிழக்குக் கிளை முதலில் பிடித்துக்கொள்ளும், மேற்குக் கிளையை யாரும் எட்டிப்பார்க்க மாட்டார்கள். பாஷ் 4.0-இலிருந்து (2009) கிளையின் முடிவில் ;; என்பதற்குப் பதில் ;;& போட்டால் அடுத்த பேட்டர்ன்களையும் சோதிக்கும். நான் அதைவிட, துறைமுகத்தையும் தேதியையும் ஒட்டியே கேஸிடம் கொடுப்பேன்:

குளச்சல்:0[67]-??

படிக்கிறவருக்கும் உடனே புரியும். தேதி வரம்பு இன்னும் கோணலாக இருந்தால் கேஸை விட்டுவிட்டு இஃபில் எண்ணாக ஒப்பிடுங்கள். ஒன்று கவனம்: இரட்டை வட்ட அடைப்புக்குள் 0-வில் தொடங்கும் எண்ணை பாஷ் எட்டை அடியாகக் கொண்ட எண்ணாக எடுத்துக்கொள்ளும். 0415 வேறொரு மதிப்பாகிவிடும், 0618 பிழை காட்டும்.

தக்கலை, கடைக் கணக்கு: விண்டோஸில் சேமித்த பட்டியலை வரி வரியாகப் படிக்கிறேன். 629175) என்று கிளை வைத்திருக்கிறேன். எண் கண்ணுக்கு அப்படியே தெரிகிறது, கேஸ் மட்டும் 'வெளியூர்' என்கிறது.

இதில் நான் ஒரு பிற்பகலைத் தொலைத்திருக்கிறேன். மாறியை இருபுறமும் சதுர அடைப்பிட்டு அச்சிட்டுப் பாருங்கள். [629175] என்று வருவதற்குப் பதில் ]629175 என்று திரையில் வந்தால், வரியின் கடைசியில் கேரியேஜ் ரிட்டர்ன் (விண்டோஸ் வரி முடிவில் சேர்க்கும், கண்ணுக்குத் தெரியாத எழுத்து) ஒளிந்திருக்கிறது. அது கர்சரை வரியின் தொடக்கத்துக்கு இழுத்துவிடுவதால் மூடும் அடைப்பு திறக்கும் அடைப்பின் மேல் போய் உட்காருகிறது. கோப்பைப் படிப்பதற்கு முன்பே அந்த எழுத்தை நீக்கிவிடுங்கள். பேட்டர்னின் கடைசியில் நட்சத்திரம் போட்டுச் சமாளிக்காதீர்கள், நாளை 6291759 என்று யாராவது தட்டினாலும் உள்ளே விட்டுவிடும்.

குளச்சல்: ஊர்ப் பெயர் ஐந்து எழுத்துதானா என்று பார்க்க ????? போட்டேன். எங்கள் ஊரே பொருந்தவில்லை!

நமக்குக் கு, ள, ச், ச, ல் என ஐந்து. யூனிகோடுக்கு எட்டு: உகரக் குறி ஒன்று, புள்ளிகள் இரண்டு தனித்தனி. லொகேல் (கணினியின் மொழி அமைப்பு) 'சி' என்று இருந்தாலோ பைட் கணக்கில் 24. தமிழ்ச் சொல்லின் நீளத்தைக் கேள்விக்குறியால் அளக்க வேண்டாம்.

மார்த்தாண்டம்: உள்ளீடு எண் மட்டும்தானா என்று சோதிக்க [0-9]* சரியா அண்ணா?

இல்லை தம்பி. அதற்குப் பொருள் 'முதலில் ஓர் இலக்கம், அப்புறம் எது வேண்டுமானாலும்'. 5கிலோ கூடத் தேறிவிடும். இது ரெகுலர் எக்ஸ்பிரஷன் (நட்சத்திரத்துக்கு 'முந்தையதே திரும்பத் திரும்ப' என்று பொருள் கொள்ளும் வேறொரு பேட்டர்ன் முறை) பழக்கம். தலைகீழாகக் கேளுங்கள் (அடைப்புக்குள் ! என்றால் 'இவை அல்லாத'):

'' | *[!0-9]*

இதில் மாட்டினால் வெற்று உள்ளீடு, அல்லது இலக்கம் அல்லாத ஏதோ ஒன்று உள்ளே இருக்கிறது. மாட்டாதது எண்.

அவரே மீண்டும்: பேட்டர்னை மேற்கோள் குறிக்குள் போடலாமா?

போடலாம். ஆனால் உள்ளே இருக்கும் நட்சத்திரம் அப்புறம் வெறும் நட்சத்திரம்தான். 629-ஐ மட்டும் குறிக்குள் வைத்து, நட்சத்திரத்தை வெளியே விடுங்கள்.